புளோரன் சினாமா பொங்கோல்

புளோரன் சினாமா பொங்கோல் (பிறப்பு: அக்டோபர் 20, 1984) இந்தியப் பெருங்கடலில் உள்ள ரீயூனியன் தீவைச் சேர்ந்த முன்னாள் பிரெஞ்சுக் காற்பந்தாட்ட வீரர் ஆவார். முன்கள வீரரான இவர், 2001-ஆம் ஆண்டு நடைபெற்ற 17 வயதுக்குட்பட்டோர் உலகப் போட்டியில் ஒன்பது கோல்களை அடித்து, அப்போட்டியின் சிறந்த வீரருக்கான தங்கப் பந்தையும், மிகுதியான கோல்களுக்கான தங்கக் காலணியையும் ஒருங்கே பெற்றார். பிரான்சு, இங்கிலாந்து, ஸ்பெயின், போர்த்துகல், உருசியா, ஐக்கிய அமெரிக்கா, சுவிட்சர்லாந்து, ஸ்கொட்லாந்து, தாய்லாந்து என ஒன்பது நாடுகளில் பதின்மூன்று கழகங்களில் பதிவுபெற்ற வீரராக இருந்துள்ளார். பிரான்சு தேசிய அணிக்காக ஒரே ஓர் ஆட்டத்தில் மட்டும் களமிறங்கினார்.

பதினாறு வயதில் உலகின் சிறந்த இளம் வீரர் எனப் பெயர் பெற்ற ஒருவர், முப்பது வயதில் ஆண்டுக்கொரு நாட்டில் ஆடிக்கொண்டிருந்ததால், இவரை "எதிர்பார்ப்பை நிறைவேற்றாதவர்" என்ற பட்டியலில் சேர்ப்பது விளையாட்டு எழுத்தாளர்களிடையே வழக்கமாக உள்ளது. அப்பட்டியல் முழுத் தவறன்று. எனினும் இவர் ஆடிய ஆட்டங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தால் கிடைக்கும் சித்திரம் சற்று வேறானது.

பிறப்பும் பின்னணியும்

சினாமா பொங்கோல் ரீயூனியன் தீவின் தென்கரையில் உள்ள சென் பியேர் நகரில் பிறந்தார். மடகாசுகருக்குக் கிழக்கே ஏறத்தாழ 700 கிலோமீட்டர் தொலைவில் அமைந்துள்ள இத்தீவு 1946 முதல் பிரான்சின் கடல்கடந்த மாவட்டங்களுள் ஒன்றாகும். இங்கு பிறப்பவர்கள் பிரெஞ்சுக் குடிமக்கள், செலாவணி யூரோ. பாரிசு நகரம் இங்கிருந்து 9,000 கிலோமீட்டருக்கும் அப்பால் உள்ளது.

சினாமா பொங்கோல் என்னும் இரட்டைக் குடும்பப்பெயர் தமிழ்ச் செவிக்குச் சின்னம்மா, பொங்கல் ஆகிய சொற்களை நினைவூட்டக்கூடியது. ரீயூனியனில் இத்தகைய பெயர்கள் புதியன அல்ல. 1848 டிசம்பர் 20-இல் இத்தீவில் அடிமை முறை ஒழிக்கப்பட்ட பின், கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் தேவைப்பட்டபோது, தென்னிந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகள் பெருமளவில் கொண்டுசெல்லப்பட்டனர். ஒப்பந்தம் பொதுவாக ஐந்தாண்டுக்குரியது. கப்பல்கள் புறப்பட்ட பிரெஞ்சுத் துறைகளுள் புதுச்சேரியும் காரைக்காலும் முதன்மையானவை. 1739 முதல் பிரெஞ்சுக்காரர் வசமிருந்த காரைக்கால், கடற்பக்கம் நீங்கலாக மற்றப் புறங்களில் பிரித்தானியரின் தஞ்சாவூர் மாவட்டத்தால் சூழப்பட்ட சிறு பகுதி. அரசலாறு கடலில் கலக்கும் அத்துறையும், கருக்களாச்சேரி, கிளிஞ்சல்மேடு போன்ற கடலோர ஊர்களும் இன்று மீன்பிடிக்காகவே அறியப்படுகின்றன. ஆனால் பத்தொன்பதாம் நூற்றாண்டில் காவிரிக் கழிமுகத்தின் நிலமற்ற உழவர்கள் கடல் கடந்தது இக்கரை வழியாகத்தான். 1860-இல் பிரித்தானியாவும் பிரான்சும் செய்துகொண்ட உடன்பாட்டிற்குப் பின் இந்தக் குடிபெயர்வு பெருகியது. தொழிலாளர் நடத்தப்பட்ட விதம் குறித்த முறைப்பாடுகளை அடுத்து, 1882-இல் பிரித்தானிய இந்திய அரசு ரீயூனியனுக்கான ஆட்சேர்ப்பை நிறுத்தியது. அதற்குள் ஒரு இலட்சத்திற்கும் மேற்பட்டோர் அத்தீவில் இறங்கியிருந்தனர். அவர்களுடைய வழித்தோன்றல்கள் ரீயூனியனில் "மலபார்" என்று அழைக்கப்படுகின்றனர். மலபார்க் கரைக்கும் அவர்களுக்கும் பெரிதாகத் தொடர்பில்லை; ஐரோப்பியர் ஒரு காலத்தில் தமிழரைக் குறிக்கப் பயன்படுத்திய சொல் அது.

இறங்குதுறையில் பிரெஞ்சு எழுத்தர்கள் காதில் விழுந்தவாறு பெயர்களை எழுதினர். தந்தை பெயர், தன் பெயர் என்ற தமிழ் முறை அவர்களுக்குப் புரியவில்லை. ஆகவே ஒருவருடைய தனிப்பெயரே அவருடைய சந்ததிக்கெல்லாம் குடும்பப்பெயராக உறைந்தது. வீரப்பிள்ளை "விராபூலே" ஆயிற்று. இராமசாமி "ரமசாமி" ஆகவும், முத்துசாமி "முட்டுசாமி" ஆகவும் நிலைத்தன. கரிபியனின் பிரெஞ்சுத் தீவுகளிலும் இதே நிலைதான். கொங்கோ மக்களாட்சிக் குடியரசுக்காக ஆடிய சாமுவேல் முட்டுசாமியின் பெயர் குவாதலூப்பைச் சேர்ந்த அவருடைய தந்தை வழியில் வந்தது. ஒலி ஒப்புமையை மட்டும் கொண்டு ஒருவருடைய மூதாதையரின் ஊரைச் சொல்லிவிட முடியாது என்பதையும், ரீயூனியன் குடும்பங்களில் ஆப்பிரிக்க, மடகாசுகர, ஐரோப்பிய, சீன, இந்திய வழிகள் பலவாறு கலந்துள்ளன என்பதையும் இங்கே கருத்திற் கொள்ள வேண்டும்.

லே ஆவர்

ரீயூனியன் சிறுவர்களுக்குத் தொழில்முறைக் காற்பந்து என்றால் பிரான்சுப் பெருநிலத்திற்குச் செல்வது என்றே பொருள். சினாமா பொங்கோலும் இளம் வயதிலேயே தீவை விட்டு, வட பிரான்சின் துறைமுக நகரான லே ஆவரில் உள்ள கழகத்தின் பயிற்சிப் பள்ளியில் சேர்ந்தார். 1872-ஐத் தன் தோற்ற ஆண்டாகக் கொள்ளும் லே ஆவர், பிரான்சின் மிகப் பழைய காற்பந்துக் கழகம் ஆகும். அதன் பயிற்சிப் பள்ளி பின்னாளில் போல் பொக்பா போன்றோரால் உலகப் புகழ் பெற்றது. மொரிசியசிலிருந்து குடியேறிய இந்திய வம்சாவளிக் குடும்பத்தில், லே ஆவரை அடுத்த ஆர்ஃப்ளரில் பிறந்த விக்காசு டோரசூவும் இப்பள்ளியின் மாணவரே.

இதே பள்ளியில் சினாமா பொங்கோலுடன் பயின்றவர் அவருடைய உறவினர் அந்தோனி லெ தலெக். பிரித்தானி மாநிலத்தில் பிறந்த லெ தலெக் இவரைவிடப் பதினேழு நாட்களே மூத்தவர். இருவரும் "குசேன்" உறவு என்று பிரெஞ்சு ஏடுகள் எழுதுகின்றன. அத்தை, மாமா, சிற்றப்பா, பெரியம்மா எனத் தமிழில் தனித்தனியே முறை வைக்கும் அனைவருடைய பிள்ளைகளையும் அம்மொழி ஒரே சொல்லால் குறித்துவிடுவதால், இங்கே உறவினர் என்ற பொதுச்சொல்லே கையாளப்படுகின்றது.

2001 உலகப் போட்டி

17 வயதுக்குட்பட்டோர் உலகப் போட்டி 2001 செப்டம்பரில் டிரினிடாட் டொபேகோவில் நடைபெற்றது. ஐக்கிய அமெரிக்காவில் செப்டம்பர் 11 தாக்குதல்கள் நிகழ்ந்து இரண்டே நாட்களில் போட்டி தொடங்கியதால், உலகின் கவனம் அதன்மேல் இருக்கவில்லை. கார்லோசு தெவேசு, அவியர் மசுசெரானோ ஆகியோரைக் கொண்ட அர்கெந்தீனாவை அரையிறுதியில் வென்ற பிரான்சு, செப்டம்பர் 30 அன்று இறுதியாட்டத்தில் நைஜீரியாவை 3-0 என்ற கணக்கில் தோற்கடித்தது. இவ்வயதுப் பிரிவில் பிரான்சு வென்ற ஒரே உலகப் பட்டம் இதுவே. தங்கப் பந்து சினாமா பொங்கோலுக்கும், வெள்ளிப் பந்து லெ தலெக்குக்கும் கிடைத்தன.

ஒரே போட்டியில் ஒன்பது கோல்கள் என்னும் இவரது சாதனையை 2011-இல் ஐவரி கோசுட்டின் சுலைமான் கூலிபாலி சமன் செய்தார். 2015-இல் நைஜீரியாவின் விக்டர் ஒசிமென் பத்துக் கோல்கள் அடித்து அதனை முறியடித்தார். பதினான்கு ஆண்டுகள் நின்ற சாதனை அது.

அதே ஆண்டில், அப்போது லிவர்பூல் கழகத்தின் மேலாளராக இருந்த பிரெஞ்சுக்காரர் செரார் ஊலியே, இரு உறவினரையும் ஒருசேர ஒப்பந்தம் செய்துகொண்டார். எனினும் அவர்கள் உடனே இங்கிலாந்து செல்லவில்லை. 2003 வரை லே ஆவரிலேயே ஆடினர். அக்கழகம் 2002-இல் பிரான்சின் முதற்பிரிவுக்கு உயர்ந்து, அடுத்த ஆண்டே மீண்டும் கீழிறங்கியது.

லிவர்பூல் (2003 - 2006)

சினாமா பொங்கோல் 2003 கோடையில் லிவர்பூல் சேர்ந்து, அவ்வாண்டு அக்டோபரில் லீட்சு யுனைட்டெடுக்கு எதிராகத் தனது முதல் பிரீமியர் லீக் கோலை அடித்தார். மைக்கேல் ஓவன், எமில் எசுகி, மிலான் பாரோசு ஆகிய முன்கள வீரர்கள் ஏற்கெனவே அங்கு இருந்தமையால், இவருக்குப் பெரும்பாலும் மாற்று வீரர் இடமே கிட்டியது. 2004 மே மாதம் ஊலியே நீங்கி, ஸ்பெயின் நாட்டவரான ரஃபாயேல் பெனித்தெசு மேலாளரானார். ஒரு வீரரை விரும்பி வாங்கிய மேலாளர் போய்விட்டால், புதியவரிடம் அந்த வீரர் மறுபடியும் முதலிலிருந்து தேர்வு எழுத வேண்டியிருக்கும். இவருடைய வாழ்வில் இது பலமுறை நிகழ்ந்தது.

2004 டிசம்பர் இவரது ஆங்கிலக் காலத்தின் உச்சமாகும். டிசம்பர் 1 அன்று லீக் கிண்ணக் காலிறுதியில் டொட்டன்காமுக்கு எதிரான கூடுதல் நேர ஆட்டத்தில் லிவர்பூல் பின்தங்கியிருந்தபோது, முடிவதற்குச் சில நிமிடங்களே இருக்கையில் தண்ட உதையின் மூலம் சமன் செய்தார். தொடர்ந்து நடந்த தண்ட உதைப் போட்டியில் வெற்றி உதையையும் இவரே அடித்தார். பெரும்பாலும் இளம் வீரர்களைக் கொண்டு ஆடிய அணி அது.

ஒரு வாரம் கழித்து, டிசம்பர் 8 அன்று, சாம்பியன்ஸ் லீக் குழுநிலையின் கடைசி ஆட்டத்தில் லிவர்பூல் தன் சொந்தத் திடலான ஆன்ஃபீல்டில் கிரேக்கத்தின் ஒலிம்பியாக்கோசைச் சந்தித்தது. முதற்பாதியில் பிரேசில் வீரர் ரிவால்டோ நேரடித் தனி உதையில் கோல் அடித்தார். குழுநிலை விதிகளின்படி, அடுத்த சுற்றுக்குச் செல்ல லிவர்பூல் இனி மூன்று கோல்கள் அடித்தாக வேண்டும். ஒன்றுகூட வாங்கக் கூடாது. இடைவேளையில் பெனித்தெசு தற்காப்பு வீரர் ஜிமி திராவோரேயை எடுத்துவிட்டுச் சினாமா பொங்கோலைக் களமிறக்கினார். இரண்டாம் பாதி தொடங்கி இரண்டே நிமிடங்களில், 47-ஆவது நிமிடத்தில், ஹாரி கியூவெல் இடப்புறமிருந்து தந்த பந்தை இவர் வலைக்குள் தள்ளினார். 81-ஆவது நிமிடத்தில் நீல் மெல்லர் இரண்டாவது கோலையும், 86-ஆவது நிமிடத்தில் அணித்தலைவர் ஸ்டீவன் ஜெரார்டு தொலைவிலிருந்து மூன்றாவது கோலையும் அடித்தனர்.

அன்றைய இரவைப் பற்றிய எல்லா நினைவுகூரல்களும் ஜெரார்டின் கோலையே காட்டுகின்றன. அதன் அழகுக்கு அது தகும். ஆனால் அரங்கம் நம்பத் தொடங்கியது 47-ஆவது நிமிடத்தில். அது விழாதிருந்தால் மற்ற இரண்டுக்கும் வேலை இருந்திராது.

2005 சனவரியில் சினாமா பொங்கோலின் முழங்கால் மூட்டு இணைப்பிழையில் கடும் காயம் ஏற்பட்டது. அப்பருவத்தின் எஞ்சிய ஆட்டங்கள் எவற்றிலும் இவரால் ஆட இயலவில்லை. மே 25 அன்று இசுத்தான்புல் நகரில் 3-0 என்று பின்தங்கிய லிவர்பூல், 3-3 எனச் சமன் செய்து, தண்ட உதைகளில் ஏ. சி. மிலானை வென்று ஐரோப்பிய வாகையரானது. அன்று மிலானின் மாற்று வீரர் இருக்கையில் விக்காசு டோரசூ அமர்ந்திருந்தார். அவரும் களமிறங்கவில்லை. லே ஆவர்ப் பள்ளியின் மாணவர்கள் இருவர், ஒருவர் காயத்தால், மற்றவர் அழைக்கப்படாமையால், காற்பந்து வரலாற்றில் மிகுதியாகப் பேசப்படும் இறுதியாட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தனர்.

குணமடைந்து திரும்பியபின், 2006 சனவரி 7 அன்று எஃப்.ஏ. கிண்ண மூன்றாம் சுற்றில் இரண்டாம் பிரிவுக் கழகமான லூட்டன் டவுனுடன் ஆடிய லிவர்பூல் 3-1 எனப் பின்தங்கியது. மாற்று வீரராக வந்த இவர் இரு கோல்கள் அடிக்க, ஆட்டம் 5-3 என லிவர்பூல் வசமானது. சபி அலொன்சோ தன் பாதியிலிருந்து உதைத்து வெறுமையான வலைக்குள் பந்தைச் சேர்த்ததும் இந்த ஆட்டத்தில்தான். மே மாதத்தில் லிவர்பூல் அக்கிண்ணத்தை வென்றபோது சினாமா பொங்கோல் அங்கு இல்லை. லூட்டன் ஆட்டம் நடந்த அதே மாதத்தில் அவர் பிளாக்பர்ன் ரோவர்சுக்கு இரவலாக அனுப்பப்பட்டிருந்தார்.

இரவல் ஒப்பந்தம் குறித்து

இவரது வாழ்வைப் புரிந்துகொள்ள இரவல் முறையை அறிவது பயன்தரும். தொழில்முறை வீரரின் பதிவு ஏதேனும் ஒரு கழகத்திடம் இருக்கும். அக்கழகம் வீரரை மற்றொரு கழகத்திற்கு அரைப் பருவத்திற்கோ ஒரு பருவத்திற்கோ தரலாம். ஊதியத்தை முழுமையாகவோ பகுதியாகவோ வாங்கும் கழகம் ஏற்கும். குறித்த விலைக்குப் பின்னர் வாங்கிக்கொள்ளும் உரிமையும் சில ஒப்பந்தங்களில் சேர்க்கப்படும். கழகத்தின் கணக்கேட்டில், வீரருக்குக் கொடுத்த விலை அவரது ஒப்பந்த ஆண்டுகள் முழுவதற்கும் பகிர்ந்து எழுதப்படுகின்றது. எனவே விலை உயர்ந்த ஒருவர் அணியில் இடம் பெறாதபோது, அவரை உடனே குறைந்த விலைக்கு விற்றால் இழப்பு வெளிப்படையாகத் தெரியும். இரவல் கொடுத்தால் ஊதியச் சுமையாவது குறையும். வீரரின் பக்கமிருந்து பார்த்தால் இரவல் என்பது ஆடுவதற்கு ஒரு வாய்ப்பு. அதே வேளையில் வாடகை வீடு, புதிய மொழி, ஓராண்டில் முடிந்துவிடும் நட்புகள் ஆகியனவும் அதனுடன் சேர்ந்தே வரும். சினாமா பொங்கோல் பிளாக்பர்ன், உவெல்வா, சராகோசா, சென் எத்தியேன் ஆகிய நான்கு கழகங்களுக்கு இரவலாகச் சென்றார்.

இத்தகைய இடமாற்றங்கள் எளிதாயிருந்ததற்கு இவரது கடவுச்சீட்டு ஒரு முதன்மைக் காரணம். 1995 டிசம்பரில் ஐரோப்பிய நீதிமன்றம் வழங்கிய பொசுமன் தீர்ப்பிற்குப் பின், ஐரோப்பிய ஒன்றியக் குடிமக்களுக்கு ஒன்றிய நாடுகளின் லீக்குகளில் வெளிநாட்டவர் வரம்பு பொருந்தாது. ரீயூனியனில் பிறந்த இவர் லிவர்பூலிலும் மாத்ரிதிலும் லிஸ்பனிலும் பணி அனுமதியின்றியே ஆடினார். 1999-இல் இங்கிலாந்தின் பெரி கழகத்தில் சேர்ந்த இந்தியாவின் பைச்சுங் பூட்டியா போன்றோர் முதலில் கடக்க வேண்டியது பணி அனுமதி என்னும் வாயிலை. கப்பலேறாமல் காரைக்காலிலேயே தங்கியவர்களின் வழித்தோன்றல்களுக்கும் ஒரு காலத்தில் இக்கடவுச்சீட்டு கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. 1956-இல் கையெழுத்தாகி 1962 ஆகத்து 16-இல் நடைமுறைக்கு வந்த ஒப்படைப்பு உடன்படிக்கை, பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ள விரும்புவோர் ஆறு மாதங்களுக்குள் எழுத்தில் தெரிவிக்க இடமளித்தது. சிறுபான்மையினரே அவ்வாறு தெரிவித்தனர்.

ஸ்பெயின் (2006 - 2009)

2006 கோடையில் தென்மேற்கு ஸ்பெயினின் ரெக்ரியத்திவோ தெ உவெல்வா கழகம் இவரை இரவலாகப் பெற்றது. ரியோ திந்தோ சுரங்கங்களில் பணிபுரிந்த பிரித்தானியர்களால் 1889-இல் நிறுவப்பட்ட இக்கழகம் ஸ்பெயினின் மிகப் பழைய காற்பந்துக் கழகம். பிரான்சின் மூத்த கழகத்தில் வளர்ந்தவர் ஸ்பெயினின் மூத்த கழகத்திற்கு வந்துசேர்ந்தார். அப்போதுதான் முதற்பிரிவுக்கு உயர்ந்திருந்த உவெல்வா, மார்செலினோவின் பயிற்சியில் 2006 - 2007 பருவத்தை எட்டாம் இடத்தில் முடித்தது. அதன் வரலாற்றில் அதுவே சிறந்த பருவம்.

2006 டிசம்பர் 20 அன்று உவெல்வா மாத்ரிதின் சந்தியாகோ பெர்னபேயு திடலில் ரியல் மாத்ரிதை 3-0 என்று வென்றது. முதற்கோல் சினாமா பொங்கோலுடையது. மற்றவை இகெச்சுக்வு உச்சே, விக்கேரா ஆகியோருடையன. ரியல் மாத்ரித் அவ்வாண்டு லா லீகா பட்டத்தையே வென்ற அணி என்பதை நினைத்தால் இதன் எடை விளங்கும். எனினும் உவெல்வாவில் இந்த வெற்றி மகிழ்ச்சியாக நினைவுகூரப்படுவதில்லை. ஆட்டத்தைக் காணச் சென்ற உவெல்வா ரசிகர்களின் பேருந்து வழியில் விபத்துக்குள்ளாகிச் சிலர் உயிரிழந்தனர். வென்ற வீரர்கள் அவ்வெற்றியை இறந்தவர்களுக்கு உரித்தாக்கினர்.

உவெல்வாவில் இவர் ஆடிய இரு பருவங்களிலும் லீக் கோல்கள் ஈரிலக்கத்தை எட்டின. லிவர்பூலில் ஆட்டத்தின் கடைசி இருபது நிமிடங்களுக்கு அழைக்கப்பட்டவர் இங்கே வாரந்தோறும் தொடக்கத்திலிருந்தே ஆடினார். எதிரணித் தற்காப்பின் பின்னால் உள்ள வெற்றிடத்தை நோக்கி விரைந்து ஓடுவதே இவரது வலிமை. தன் பாதியில் ஒடுங்கி நின்று, பந்தைப் பறித்தவுடன் முன்னே அனுப்பும் சிறிய அணியில் அவ்வலிமை பயன்பட்டது. எந்நேரமும் பந்தைத் தன்னிடம் வைத்துக்கொண்டு, எதிரணியைப் பெட்டிக்குள் முடக்கும் பெரிய அணியில் அந்த வெற்றிடமே இருப்பதில்லை. இவரது பிற்காலச் சரிவுக்குத் திறமைக் குறைவைக் காட்டிலும் இப்பொருத்தமின்மையே பெரிய காரணம் எனலாம். 2007-இல் உவெல்வா இவரை நிலையாக வாங்கிக்கொண்டது.

2008 கோடையில் அத்லெத்திக்கோ மாத்ரித் ஏறத்தாழ ஒரு கோடி யூரோ விலைக்கு இவரை வாங்கியது. ஓராண்டுக்கு முன் பெர்னாண்டோ தொரெசு அத்லெத்திக்கோவிலிருந்து லிவர்பூல் சென்றிருந்தார். சினாமா பொங்கோல் அதே பாதையை எதிர்த்திசையில், உவெல்வா வழியாக, நடந்தார். ஆனால் புதிய அணியின் இரு முன்கள இடங்களில் செர்கியோ அகுவேரோவும் தியேகோ ஃபொர்லானும் இருந்தனர். அப்பருவத்தில் ஃபொர்லான் மட்டும் 32 லீக் கோல்கள் அடித்து ஸ்பெயினின் முதன்மைக் கோலடிப்பாளர் ஆனார். மூன்றாவது முன்கள வீரருக்கு எஞ்சியது சிறிதே.

லிஸ்பனும் மீண்டும் இரவலும்

2009 - 2010 பருவத்தின் நடுவில் போர்த்துகலின் ஸ்போர்ட்டிங் கழகம் இவரை அத்லெத்திக்கோவிடமிருந்து வாங்கியது. அதற்கு அடுத்த சில மாதங்களில் நடந்தவை ஒரு கதாசிரியர் எழுதியிருந்தால் மிகை என்று தோன்றும். 2010 மார்ச்சில் யூரோப்பா லீக் போட்டியில் அத்லெத்திக்கோ, ஸ்போர்ட்டிங்கை வெளித்திடல் கோல் கணக்கில் வெளியேற்றியது. அரையிறுதியில் அது வென்றது லிவர்பூலை. மே 12 அன்று ஹம்பேர்க்கில் ஃபுல்லமை 2-1 என வென்று கிண்ணத்தையும் கைப்பற்றியது. சினாமா பொங்கோல் விட்டுவந்த கழகம், அவர் சேர்ந்த கழகத்தையும் அதற்கு முன் விட்டுவந்த கழகத்தையும் தோற்கடித்து வாகை சூடியது. 2005, 2006 ஆகிய ஆண்டுகளையும் சேர்த்தால், தன் அணி பெருங்கிண்ணம் பெறும் இறுதிநாளில் இவர் களத்திற்கு வெளியே இருந்தது இது மூன்றாம் முறை.

ஸ்போர்ட்டிங்கில் இடம் நிலைக்கவில்லை. 2010 - 2011 பருவத்தில் ரியல் சராகோசாவுக்கு இரவலாகச் சென்றார். அங்கு, அத்லெத்திக்கோவில் இவரது மேலாளராக இருந்த மெக்சிக்கோ நாட்டவர் அவியர் அகிரே பருவத்தின் இடையில் பொறுப்பேற்றார். சராகோசா பருவத்தின் கடைசி நாளில்தான் கீழிறங்காமல் தப்பியது. அடுத்த பருவத்தில் கிறிசுதோப் கால்த்தியேயின் பயிற்சியில் இருந்த சென் எத்தியேன் கழகத்திற்கு இரவலாகி, எட்டு ஆண்டுகளுக்குப் பின் பிரெஞ்சு லீக்கில் ஆடினார்.

பிற்காலக் கழகங்கள்

2012-இல் உருசியாவின் ரொசுத்தோவ் கழகத்தில் சேர்ந்தார். பின்னர் ஐக்கிய அமெரிக்காவின் சிகாகோ ஃபயர், சுவிட்சர்லாந்தின் லோசான் ஆகியவற்றில் குறுகிய காலங்கள் கழிந்தன. 2015 - 2016 பருவத்தில் ஸ்கொட்லாந்தின் டண்டி யுனைட்டெடில் ஆடினார். அக்கழகம் அப்பருவ முடிவில், இருபது ஆண்டுகள் இருந்த உயர்பிரிவிலிருந்து கீழிறங்கியது.

அதன்பின் தாய்லாந்தின் சைநாத் ஹோர்ன்பில் கழகத்திற்குச் சென்றார். சாவோ பிரயா ஆற்றங்கரையில், நெல் விளையும் நடுச்சமவெளியில் அமைந்த சிறு மாகாணத்தின் கழகம் இது. இருவாட்சிப் பறவையே அதன் சின்னம். தென்கிழக்காசிய லீக்குகள் ஐரோப்பாவில் வயது கடந்த வீரர்களை இவ்வாறு வரவேற்பது வழக்கமாகும். பெரும்பாலோர் ஓரிரு பருவங்களில் திரும்பிவிடுவர்.

தேசிய அணி

2008 அக்டோபர் 14 அன்று, பாரிசை அடுத்த சென் தெனியில் உள்ள ஸ்தாத் தெ பிரான்சு அரங்கில் தூனிசியாவுடன் நடந்த நட்புறவு ஆட்டத்தில், ரேமோன் தொமெனெக்கு பயிற்றுநராக இருந்த பிரான்சு அணிக்காக மாற்று வீரராகக் களமிறங்கினார். பிரான்சு 3-1 என்று வென்றது. ஆட்டத்தைக் காட்டிலும், அதற்கு முன் பிரெஞ்சு நாட்டுப்பண் இசைக்கப்பட்டபோது பார்வையாளர் பலர் சீழ்க்கையடித்து இகழ்ந்தமையே மறுநாள் ஏடுகளின் தலைப்பாயிற்று. குடியேறியோர் வழிவந்த பிரெஞ்சுக்காரர்கள் எந்நாட்டுக்கு உரியோர் என்ற வாக்குவாதம் அரசு வரை சென்றது. கடல் கடந்த தீவொன்றிலிருந்து வந்த ஒருவர் பிரான்சின் சட்டையை அணிந்த ஒரே இரவு அதுவாக அமைந்தது.

இத்தகையோருக்கு வேறு தேசிய அணி இல்லை என்பதும் குறிப்பிடத்தக்கது. ரீயூனியன் தனக்கென ஓர் அணியை வைத்துள்ளது. அது இந்தியப் பெருங்கடல் தீவுகள் விளையாட்டுப் போட்டிகளில் கலந்துகொள்கின்றது. ஆனால் அத்தீவு பன்னாட்டுக் காற்பந்துச் சங்கங்களின் கூட்டமைப்பில் உறுப்பினர் அன்று. எனவே உலகக் கிண்ணத் தகுதிச் சுற்றுகளில் அது ஆட இயலாது. சம வலிமையுடைய மொரிசியசு வீரருக்குத் தன் நாட்டுக்காகப் பல பன்னாட்டு ஆட்டங்கள் கிடைக்கும். ரீயூனியன் வீரரோ பிரான்சின் முதல் இருபத்துமூவருள் ஒருவராக வேண்டும்.

ரீயூனியன் காற்பந்தும் பெருநிலமும்

ரீயூனியனிலிருந்து லே ஆவருக்குச் சென்ற எல்லோருக்கும் ஒரே பாதை அமையவில்லை. 1999-இல் அங்கே சென்ற திமித்ரி பாயே நான்கு ஆண்டுகளில் திருப்பியனுப்பப்பட்டார். தீவில் எக்செல்சியோர் கழகத்தில் ஆடிவிட்டு, 2005-இல் நாந்து கழகம் வழியாக மீண்டும் பெருநிலம் சென்ற அவர், 2016 ஐரோப்பியக் கிண்ணத்தில் பிரான்சின் முதன்மை வீரராக விளங்கினார். சென் பியேர் நகரின் ஜே. எஸ். சென் பியெருவாஸ் கழகத்தில் ஆடிய கியோம் ஓரோ இருபது வயதில் லே ஆவர் சென்று, பின்னர் பாரி சென் செர்மேன் கழகத்தின் முன்கள வீரரானார். பதினாறு வயதில் உச்சத்தில் இருந்தவர் சினாமா பொங்கோல். அதே வயதில் தோல்வியுற்றவராகக் கருதப்பட்டவர் பாயே.

எதிர்த்திசைப் பயணமும் உண்டு. கமரூனின் ரோஜர் மில்லா 1990 உலகக் கிண்ணத்திற்கு அழைக்கப்பட்டபோது 38 வயதில் ஆடிக்கொண்டிருந்தது இதே சென் பியெருவாஸ் கழகத்தில்தான். பின்னாளில் ழான் பியேர் பபேனும், லிவர்பூலில் சினாமா பொங்கோலின் சக வீரராக இருந்த ஜிப்ரில் சிசேயும் அக்கழகத்தில் ஆடினர். 2020 சனவரி 4 அன்று பிரெஞ்சுக் கிண்ணப் போட்டியில் அக்கழகம் பெருநிலத்திற்குப் பறந்து, இரண்டாம் பிரிவுக் கழகமான நியோரை அதன் சொந்தத் திடலில் 2-1 என வென்றது. கடல்கடந்த பகுதிக் கழகம் ஒன்று கடைசி 32 அணிகளுள் இடம்பெற்றது, 1989-இல் பிரெஞ்சுக் கயானாவின் கெல்டார் கழகத்திற்குப் பின் அதுவே முதல் முறை. அடுத்த சுற்றில் அது எப்பினால் கழகத்திடம் தோற்றது.